காஸ்கா ஏன் இருபது ஆண்டுகள் பேசவில்லை?

'பெர்செர்க்' என்ற மங்காவை (ஜப்பானியச் சித்திரக்கதை) படித்தவர்களுக்குக் காஸ்காவை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. படிக்காதவர்களுக்காகச் சொல்கிறேன். வறுமைப்பட்ட குடும்பத்தில் பிறந்த பெண். வீட்டு வேலைக்கென்று ஒரு பிரபு அவளை அழைத்துப் போகிறான், வழியிலேயே சீரழிக்கப் பார்க்கிறான். அந்தப் பக்கமாகக் குதிரையில் வந்த கிரிஃபித் அவனை வெட்டவில்லை. ஒரு வாளை அவள் முன்னால் எறிகிறான், அவ்வளவுதான். அதை எடுப்பதும் எடுக்காததும் அவள் பாடு. காஸ்கா எடுக்கிறாள். அப்புறம் அவனுடைய கூலிப்படையில் சேர்ந்து தளபதியாகிறாள். கிரிஃபித் சிறையில் கிடந்த ஓராண்டு முழுவதும், அரசாங்கமே வேட்டையாடிய அந்தப் படையைக் கலையவிடாமல் காப்பாற்றியவளும் அவள்தான்.

அதற்குப் பிறகு கிரகணம் வருகிறது. கிரிஃபித் தன் படையையே பேய்களுக்குப் பலி கொடுக்கும் அந்த இரவில் காஸ்கா புத்தி கலங்கி, பேச்சும் நினைவும் இழக்கிறாள். கெந்தாரோ மியூரா இந்தப் பகுதியை வரைந்தது 1990களின் நடுவில். அவளுக்குத் தெளிவு திரும்பியது 2018இல். நடுவில் இருபது ஆண்டுகளுக்கும் மேல், மங்கா உலகம் கண்ட மிகச் சிறந்த பெண் தளபதிகளில் ஒருத்தி, ஒரு குழந்தையைப் போலக் கைபிடித்து நடத்திச் செல்லப்பட்டாள். கதைக்குள் இது சில ஆண்டுகள்தான். இதழ் வாங்கிப் படித்தவருக்கு அது ஒரு தலைமுறை.

(இந்தக் கட்டுரையில் பல கதைகளின் முக்கியத் திருப்பங்கள் வெளிப்படும். படிக்கப்போகிறவர்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.)

டார்க் ஃபேன்டஸி, அதாவது இருண்ட மாயக்கதை மங்காக்களைப் பற்றிப் பேசும்போது இரண்டு குறைகள் அடிக்கடி காதில் விழும். ஒன்று, உலகம் சப்பென்று இருக்கிறது. இன்னொன்று, நாயகி எதையும் செய்வதில்லை, அவளுக்கு எல்லாம் நடக்கிறது. இவற்றைத் தனித்தனிக் குறைகளாகத்தான் பேசுகிறோம். பல ஆண்டுகள் படித்த பிறகு எனக்கு இது ஒரே குறையாகத்தான் தெரிகிறது. ஒருத்தி முடிவெடுக்க வேண்டுமென்றால், முடிவெடுக்க அவள் முன்னால் ஏதாவது இருக்க வேண்டும். போக ஒரு சாலை, செய்ய ஒரு வேலை, மீற ஒரு சட்டம், அந்த மீறலுக்கு ஒரு விலை. கோட்டையும் மூடுபனியும் முழுநிலவும் மட்டும் உள்ள உலகத்தில், காத்திருப்பதைத் தவிர அவளால் என்னதான் செய்ய முடியும்?

'வாம்பயர் நைட்' இதற்கு நல்ல உதாரணம். மட்சுரி ஹினோவின் இந்தத் தொடர் 2004இன் இறுதியில் 'லாலா' இதழில் தொடங்கி 2013இல் முடிந்தது, 19 தொகுதிகள். ஒரு பள்ளி, அதில் பகல் வகுப்பில் மனிதர்கள், இரவு வகுப்பில் ரத்தக்காட்டேரிகள். பகல் வகுப்பு மாணவர்களுக்கு இந்த உண்மை தெரியாது. அதைக் காக்கும் காவலர்கள் இருவரில் ஒருத்தி யூகி. கேட்கும்போதே ஆசையாக இருக்கும் கரு இது. ஆனால் பள்ளி மதிலைத் தாண்டினால் உலகம் தேய்ந்துவிடுகிறது. ரத்தக்காட்டேரிகளின் ஆட்சிமன்றம் இருக்கிறது, அது யாரை எப்படி ஆள்கிறது என்று படம் கிடைப்பதில்லை. வேட்டைக்காரர்களின் சங்கம் இருக்கிறது, கதைக்குத் தேவைப்படும்போது மட்டும் கதவு திறக்கிறது. ரத்தத்துக்குப் பதிலாக மாத்திரை என்ற அருமையான கற்பனை உண்டு. அந்த மாத்திரையை யார் செய்கிறார்கள், கிடைக்காத ஊரில் என்ன நடக்கும் என்ற கேள்விகளிலிருந்தே ஒரு முழுக் கதை பிறந்திருக்கும். அது பிறக்கவில்லை. ஒரு பெண்ணுக்கும் இரண்டு ஆண்களுக்கும் நடுவே உள்ள தூரம்தான் அந்த உலகத்தின் மொத்தப் பரப்பு.

யூகியின் நிலையைப் பாருங்கள். ஐந்து வயதுக்கு முந்தைய நினைவு எதுவும் அவளிடம் இல்லை. அவள் யார் என்பது இரவு வகுப்பின் தலைவனான கனாமேக்குத் தெரியும், வளர்ப்புத் தந்தையான பள்ளி முதல்வருக்கும் தெரியும். அவளுக்கு மட்டும் தெரியாது. அவளுக்குள் உறங்கும் ரத்தக்காட்டேரியை எழுப்புவதும் கனாமேதான், அவள் கழுத்தைக் கடித்து. எழுந்த பிறகு உலகிலேயே உயர்ந்த தூய இரத்தத்தின் சக்தி அவளுக்கு இருக்கிறது, கையிலிருந்த கோல் பெரிய அரிவாளாக மாறுகிறது. அடுத்து நாம் அவளைப் பார்க்கும்போது ஓராண்டாகக் கனாமேயின் மாளிகைக்குள்ளேயே இருக்கிறாள்.

நாயகி செயலற்றவளாக இருக்கிறாள் என்றதும் பலர் சொல்லும் மருந்து, அவளுக்குச் சக்தி கொடுங்கள், சண்டை போட வையுங்கள் என்பது. யூகியிடம் சக்தி இருந்தது. இல்லாதது தகவலும் இடமும். அந்த உலகம் எப்படி இயங்குகிறது என்ற அறிவு முழுக்க அவளைச் சுற்றியிருந்த ஆண்களின் பையில் இருந்தது. அவர்கள் ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டக் காட்ட அவள் அதிர்ச்சியடைகிறாள், அவள் வழியாக நாமும். நினைவிழந்த நாயகி எழுத்தாளருக்கு மிகவும் வசதியானவள். உலகத்தை முன்கூட்டியே கட்டிவைக்கத் தேவையில்லை, அவளிடம் மறைத்தால் போதும். விளக்கம் சொல்ல ஒரு காது கிடைத்துவிடுகிறது. அந்தக் காதுக்குப் பின்னால் ஒரு பெண் இருந்தாக வேண்டும் என்பது மறந்துபோகிறது.

ஹினோவைக் குறைத்துச் சொல்லவில்லை. அவர் வரைந்த கண்களையும் பக்கத்தை அவர் பிரிக்கும் விதத்தையும் நான் மிகவும் மதிக்கிறேன். பெண் வாசகருக்கான ஷோஜோ மங்காவின் இலக்கணத்தில் உள்மனம்தான் பெரிய வெளி. ஒரு பக்கம் முழுக்க ஒரு முகமும் பூவும் வெற்றிடமும் இருக்கலாம், அது குறை ஆகாது. யூகி நிமிர்ந்து நிற்கும் இடமும் அந்தக் கதையில் உண்டு. கனாமே விலகிப் போன பிறகு, மூடிக்கிடந்த இரவு வகுப்பை அவளே மறுபடியும் தொடங்குகிறாள். ஒரு நிறுவனம் அவள் பொறுப்பில் வந்ததும் அவள் முதுகு நேராகிறது.

சரி, உலகங்கள் ஏன் இப்படி மெலிந்து போகின்றன? ஜப்பானியக் ஃபேன்டஸியின் ஊற்று எங்கே என்று பார்த்தால் விஷயம் கொஞ்சம் புரியும். கல்கோட்டை, எல்ஃப், நிலவறை, மதுவிடுதி எல்லாம் ஜப்பான் மண்ணில் முளைத்தவை அல்ல. பெரும்பகுதி விளையாட்டுகள் வழியாக வந்தவை. அமெரிக்கக் கணினி விளையாட்டான 'விசார்ட்ரி' 1980களில் அங்கே வெறியோடு விளையாடப்பட்டது. 1986இல் 'டிராகன் குவெஸ்ட்' வந்தது. அதே ஆண்டு 'கம்ப்டிக்' என்ற கணினி இதழில், நண்பர்கள் மேசையைச் சுற்றி உட்கார்ந்து பகடை உருட்டி ஆடிய ஆட்டத்தின் பதிவாகத் தொடங்கியதுதான் 'லோடோஸ் தீவின் போர்'. ஆக அந்த உலகங்கள் ஆடுவதற்காக அமைக்கப்பட்டவை. ஒரு விளையாட்டில் கிராமம் என்றால் ஒரு கடை, ஒரு விடுதி, தகவல் சொல்ல ஒரு கிழவர். கிராமத்துக்குச் சோறு எங்கிருந்து வருகிறது என்று ஆடுபவர் கேட்கமாட்டார். ஏனென்றால் நகர்வது அவர் கை, உலகம் சும்மா நின்றால் போதும்.

மங்காவில் அப்படி ஒருவர் வெளியிலிருந்து நகர்த்துவதில்லை. உலகமே பாத்திரங்களைத் தள்ள வேண்டும். விளையாட்டிலிருந்து எடுத்த வார்ப்பை அப்படியே வைத்துக்கொண்டால், வாள் ஏந்திய நாயகன் ஒருவன் மட்டும் நகர்வான், மற்றவர்கள் கடைக்காரரைப் போல நின்ற இடத்தில் நிற்பார்கள். 2004இல் தொடங்கிய 'ஷோசெட்சுகா நி நாரோ' என்ற இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் நாவல் எழுதலாம் என்றானபோது இந்த வார்ப்பு பல மடங்கு பெருகியது. சாகசக்காரர் சங்கம், தகுதி நிலை, அரக்கர் வேட்டை என்றால் வாசகருக்கு உடனே புரிந்துவிடும், விளக்க வேண்டியதில்லை.

இங்கே என்னை உறுத்தும் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். உலகம் இருண்டது என்று காட்ட உழைப்பு தேவை. வரி, பஞ்சம், சபை, படை, நோய் இவையெல்லாம் ஒன்றோடொன்று கோத்து ஒரு மனிதரை நசுக்குவதைக் காட்ட வேண்டும். அந்த உழைப்பைத் தவிர்க்க ஒரு குறுக்குவழி உண்டு, முதல் அத்தியாயத்திலேயே ஒரு பெண்ணைச் சிதைப்பது. 'காப்ளின் ஸ்லேயர்' தொடக்கத்தில் புதிதாகக் கிளம்பிய ஒரு குழு குகைக்குள் அழிகிறது, பெண்கள் சீரழிக்கப்படுகிறார்கள், பிறகு நாயகன் வருகிறான். அந்தக் கதையில் யாருக்கும் பெயர் கிடையாது, எல்லோரும் பூசாரிப் பெண், இடையர் பெண் என்று தொழிலாலேயே அழைக்கப்படுகிறார்கள். பகடை உருட்டும் ஆட்டத்தின் நேரடி வாரிசு அது. பூசாரிப் பெண் பின்னால் தன் மந்திரத்தைப் புதுப்புது விதமாகப் பயன்படுத்தக் கற்றுக்கொண்டு வளர்கிறாள், அதை மறுக்கமாட்டேன். ஆனால் அந்தக் குகையில் அழிந்த பெண்கள் உலகத்தின் இருட்டுக்குச் சான்றாக மட்டுமே இருந்தார்கள். இந்த வகையில் எத்தனையோ மங்காக்களில் இதே காட்சி, வேறு முகங்களோடு, திரும்பத் திரும்ப வருகிறது.

வெளியீட்டு முறைக்கும் பங்கு உண்டு. 'ஷோனென் ஜம்ப்' வார இதழில் வாசகர் அனுப்பும் கருத்தட்டைதான் தொடர்களின் தலையெழுத்து. வரவேற்பு இல்லாத தொடர் பத்து வாரங்களைச் சுற்றியே முடித்துவைக்கப்படலாம். மாத இதழ்களில் இவ்வளவு கெடுபிடி இல்லை, என்றாலும் முதல் சில அத்தியாயங்களில் வாசகரைப் பிடித்தாக வேண்டும் என்ற நெருக்கடி எங்கும் ஒன்றுதான். பிடிப்பது எது? நாயகனின் காயம், பழி, ஒரு பிரம்மாண்டமான சண்டை. உலகத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைப்பார்கள். நாயகியையும் அப்படியே.

இதே நெருக்கடிக்குள் இருந்துகொண்டு வேறு மாதிரி செய்தவர் நொரிஹிரோ யாகி. 'கிளேமோர்' 2001இல் மாத இதழில் தொடங்கியது, இதழே நடுவில் நின்றுபோனது, இன்னொரு இதழுக்கு மாறி 2014இல் 27 தொகுதிகளோடு முடிந்தது. வரைபடத்தில் பார்த்தால் அதன் உலகம் வறண்டது. ஊர்கள் எல்லாம் ஒரே மாதிரி, கல்வீடு, ஒரு சதுக்கம், சுற்றிலும் வெறும் பாறை. ஆனாலும் அந்த உலகம் உயிரோடு இருக்கிறது, ஏனென்றால் அதன் ஒவ்வொரு விதியும் யாரையாவது கடிக்கிறது. மனிதரைத் தின்னும் யோமாவை அழிக்கப் பாதி யோமாவாக்கப்பட்ட பெண்கள், மொத்தம் 47 பேர், ஒவ்வொருவருக்கும் ஒரு வரிசை எண். வேலை முடிந்ததும் கறுப்பு உடை ஆள் வந்து கூலி வாங்குவான். கூலி கொடுக்காத ஊருக்கு அடுத்த முறை யாரும் வரமாட்டார்கள். மனிதரைக் கொன்றால் மரண தண்டனை. சக்தியை அளவுக்கு மீறிப் பயன்படுத்தினால் நீயே யோமாவாகிவிடுவாய். அந்த எல்லையை நெருங்கும்போது உன் தோழிக்கு ஒரு கறுப்புச் சீட்டு அனுப்பலாம். மனுஷியாக இருக்கும்போதே என்னைக் கொன்றுவிடு என்று பொருள்.

அந்தச் சீட்டை எத்தனை முறை நினைத்தாலும் வியப்புதான். ஒரு சின்னக் காகிதம். அதற்குள் அந்த உலகத்தின் உடற்கூறு, நிர்வாகம், நட்பு மூன்றும் இருக்கின்றன. அதைப் பெறுபவள் கட்டாயம் ஒரு முடிவெடுக்க வேண்டும். அந்தப் பெண்களில் ஒருத்தியான தெரேசா கொள்ளையரைக் கொன்று சட்டத்தை மீறும்போது, அந்த மீறலின் விலை நமக்கு ஏற்கெனவே தெரியும், அதனால்தான் அந்தக் காட்சி நெஞ்சில் அடிக்கிறது. அவள் காப்பாற்றிய சிறுமி கிளேர், தெரேசாவின் உடலைத் தன்னுள் ஏற்கிறாள். யாரும் அவளைக் கடத்தவில்லை, மயக்கவில்லை. அவளே கேட்டு வாங்குகிறாள். வரிசையில் கடைசி, 47ஆம் எண். பலவீனமானவள்தான், ஆனால் கதையை ஓட்டுபவள் அவள். இந்தத் தீவே தொலைதூரப் போர் ஒன்றுக்கான சோதனைக் களம் என்ற உண்மை பின்னால் வெளிப்படும்போது, அது யாரோ ஒருவர் நாயகிக்கு ஊட்டும் தகவலாக நின்றுவிடுவதில்லை. அதைத் தோண்டி எடுப்பவள் கிளேரின் தோழியான மிரியா. எடுத்த பிறகு தங்களை உருவாக்கிய அமைப்பின் மீதே படை நடத்துகிறாள்.

கியூ ஹயஷிதாவின் 'டோரோஹெடோரோ' இன்னும் எளிமையான வழியில் போகிறது. நிகாய்டோ ஒரு சாப்பாட்டுக் கடை நடத்துகிறாள், கியோசா என்ற ஜப்பானியக் கொழுக்கட்டை போடுகிறாள். அவள் வாழும் அழுக்கு நகரத்துக்கு மந்திரவாதிகள் வந்து மனிதர்கள் மீது பயிற்சி செய்கிறார்கள். அதனால் பாதிக்கப்பட்டவர்களுக்கென்று ஒரு மருத்துவமனை இருக்கிறது, ஆண்டுக்கு ஒரு நாள் பிணங்கள் எழுந்து நடக்கும், அன்றைக்கு நகரமே திரண்டு அவற்றை அடிக்கக் கிளம்பும். யாரும் நின்று விளக்கம் சொல்வதில்லை. எல்லாம் வேலை செய்துகொண்டிருப்பவர்களின் அன்றாடத்திலிருந்து தெரியவருகிறது. நிகாய்டோவைப் பின்னால் ஓர் ஒப்பந்தத்தால் கட்டி, அவள் விருப்பத்தையே பறிக்கிறார்கள். அப்போது நமக்கு வலிக்கிறது, ஏனென்றால் பறிபோவது என்ன என்று தெரியும். அந்தக் கடையின் அடுப்பு வரைக்கும் தெரியும்.

செயலற்ற நாயகியே கூடாதா என்றால், அப்படி இல்லை. கொரே யமாசாகியின் 'மந்திரவாதியின் மணமகள்' கதையில் சிசே என்ற பதினைந்து வயதுப் பெண் தன்னையே ஏலத்துக்கு விடுகிறாள். ஐம்பது லட்சம் பவுண்டுக்கு வாங்கப்படுகிறாள். இதைவிடச் செயலற்ற தொடக்கம் இருக்க முடியாது. ஆனால் கதை அதைக் கவனிக்கிறது. வாழ விருப்பமில்லாமல் தன்னை ஒரு பொருளாக ஒப்படைத்தவள் எப்படித் தன்னைத் திரும்பப் பெறுகிறாள் என்பதுதான் அதன் கேள்வி. பிரிட்டன் தீவுகளின் நாட்டார் நம்பிக்கைகள் முழுக்க அங்கே ஊறிக்கிடக்கின்றன. ஒவ்வொரு தேவதைக்கும் ஒரு பேரம், ஒரு விலை. சிசே அந்தப் பேரங்களைக் கற்கக் கற்க, வாங்கியவனையே எதிர்த்துக் கேள்வி கேட்கும் நிலைக்கு வருகிறாள்.

இத்தனையும் சொன்ன பிறகு 'பெர்செர்க்' எனக்கு எதிராக வந்து நிற்கிறது. அதன் உலகம் மெலிந்ததே இல்லை. மிட்லண்டின் நூறாண்டுப் போர், அரண்மனைச் சதி, திருச்சபையின் விசாரணை மன்றம், அகதிகள், பஞ்சம் எல்லாம் கோடு கோடாக உழைத்து வரையப்பட்டவை. எதைச் சொல்லாமல் விட வேண்டும் என்பதில்கூட மியூரா கவனமாக இருந்தார். தீமையின் மூலத்தையே விளக்கும் 83ஆம் அத்தியாயம் இதழில் வந்தும், தன் உலகத்தை அது முன்கூட்டியே குறுக்கிவிடும் என்று தொகுதியில் சேர்க்காமல் நீக்கினார். இப்படிப்பட்ட உலகத்தில் காஸ்கா ஏன் பேச்சற்றுப் போனாள்?

நான் திரும்பத் திரும்பப் படித்துக் கண்டது இதுதான். அந்தப் பெரிய உலகத்தில் காஸ்காவுக்கு இருந்த ஒரே இடம் கிரிஃபித்தின் படை. அங்கேதான் அவளுக்குப் பதவியும் பொறுப்பும் மரியாதையும் இருந்தன. மாதவிடாய்க் காய்ச்சலோடு போர்க்களத்தில் நின்று, எதிரியின் ஏளனத்தைக் கேட்டுக்கொண்டே வாள் சுழற்றிய காட்சியில், ஒரு பெண்ணுக்கு அந்த இடம் எவ்வளவு கடினமாகக் கிடைத்தது என்பதை மியூராவே காட்டுகிறார். கிரகணத்தில் படை அழிந்தது. அதோடு அவள் நிற்கக்கூடிய தரையும் போனது. வேறு தரையை அவர் அவளுக்காகக் கட்டவில்லை. அதன் பிறகு உலகம் முழுவதும் நாயகன் கட்ஸின் பழிக்காகவும் காயத்துக்காகவுமே விரிந்தது. காஸ்கா அவன் காக்க வேண்டிய ஒன்றாக, குகையில் விட்டுப் போனால் தொலைந்துபோகும் ஒன்றாக, சூனியக்காரி என்று பிடித்துக் கட்டப்படும் ஒன்றாக ஆனாள். அப்படிப்பட்ட கொடுமைக்கு ஆளானவள் நொறுங்கிப்போவது உண்மைக்குப் புறம்பானதல்ல. ஆனால் அந்த நொறுங்கலை உள்ளிருந்து பார்க்க நமக்கு இருபது ஆண்டுகள் ஒரு சன்னல்கூடக் கிடைக்கவில்லை.

இதே கதையின் ஃபார்னேசேயைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். திருச்சபைப் படையின் தலைவி, பெரும் செல்வக் குடும்பத்தின் மகள், கொடூரமும் பயமும் நிறைந்தவள். அவளுக்குப் பின்னால் ஒரு சபையும் ஒரு வீடும் இருந்ததால் விட்டு வெளியேற அவளுக்கு ஏதோ இருந்தது. வெளியேறுகிறாள். சிறுமி ஷீர்கேயிடம் மாணவியாகச் சேர்ந்து மந்திரம் கற்கிறாள். அந்த மந்திரத்துக்குப் படிநிலை உண்டு, பயிற்சி உண்டு, ஆபத்து உண்டு. எல்ஃப் தீவில் காஸ்காவின் சிதறிய மனத்துக்குள் இறங்கித் துண்டுகளைச் சேர்த்து எடுத்தவர்கள் இந்த இருவரும்தான். கட்ஸ் வெளியே காத்திருந்தான். உலகிலேயே பெரிய வாளை ஏந்தியவனுக்கு அங்கே வேலையில்லை. அந்த அத்தியாயங்களைப் படித்தபோது கண் கலங்கிவிட்டது. காஸ்கா விழித்தாள் என்பதற்காக மட்டுமில்லை. இரண்டு பெண்கள் தாங்கள் கற்ற தொழிலால் அவளை மீட்டார்கள் என்பதற்காகவும்.

மியூரா 2021 மே மாதம் 54 வயதில் காலமானார். அவருடைய உதவியாளர்கள், அவர் கதையைச் சொல்லிக் கேட்டிருந்த நண்பர் கோஜி மோரியின் மேற்பார்வையில், 2022 ஜூனிலிருந்து தொடரை மீண்டும் வரைகிறார்கள். அதில் காஸ்கா மறுபடியும் தூக்கிச் செல்லப்பட்டிருக்கிறாள், இந்த முறை கிரிஃபித்தின் ஃபால்கோனியா நகரத்துக்கு. முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. பிறகு அந்த நகரத்தை நினைத்துப் பார்த்தேன். அகதிகளால் நிரம்பிய ஊர் அது. வெளியே பூதங்கள், உள்ளே பாதுகாப்பு. அந்தப் பாதுகாப்பைக் கொடுப்பவர்களே மனிதரைத் தின்னும் அரக்கர்கள், அது மக்களுக்குத் தெரிந்தும் தெரியாமலும் இருக்கிறது. முன்பு, பழைய படையில் எஞ்சியவர்களில் ஒருவனான ரிக்கர்ட் அங்கே போய் கிரிஃபித்தின் கன்னத்தில் அறைந்துவிட்டு வெளியேறினான். சட்டமும் சந்தையும் சதியும் பசியும் உள்ள இடம். வாளும் நினைவும் திரும்பப் பெற்ற ஒரு தளபதி அங்கே இருக்கிறாள். அவள் அங்கே எந்தக் கதவை முதலில் திறக்கிறாள் என்று பார்க்கக் காத்திருக்கிறேன்.